திறந்த தளமா, மூடிய தளமா? மாதிரிக் கட்டுரைகள் கேட்காத கேள்வி



தொழில்நுட்பம் பற்றிய விவாதக் கட்டுரைகளில் ஒரு வாதம் அடிக்கடி வரும். "திறந்த தளங்களே வெல்லும், எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்துக்கொள்ளும் நிறுவனம் தோற்றுப்போகும்." இதற்குச் சான்று ஆண்ட்ராய்டு. இன்னொரு மாணவர் நேர்மாறாக எழுதுவார். "தரம் வேண்டுமென்றால் கட்டுப்பாடு வேண்டும்." இதற்குச் சான்று ஆப்பிள். இரண்டிலும் மொழிநடை நன்றாக இருக்கலாம். மரபுத்தொடர், இணைமொழி எல்லாம் சரியான இடத்தில் விழுந்திருக்கலாம். ஆனால் கருத்து என்று பார்த்தால் இரண்டும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

ஏன்? இரண்டு பேருமே ஒரு தளம் முழுக்கத் திறந்திருக்கும் அல்லது முழுக்க மூடியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட தளம் நடைமுறையில் அபூர்வம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எந்தப் பகுதிக்குப் பூட்டு, அந்தச் சாவி யார் கையில்? இந்தக் கட்டுரையில் நான்கைந்து உண்மைச் சான்றுகளை வைத்து அதைத்தான் சோதித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் 'தளம்' என்றால் என்ன?

நம்ம ஊர் உணவங்காடி நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மேசை எல்லாருக்கும் பொது. ஆனால் அங்கே கடை போட வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும், விதிமுறைகளுக்கு உட்பட வேண்டும். ஆக அந்த இடம் திறந்ததா, மூடியதா? சாப்பிட வருபவருக்குத் திறந்தது. கடைக்காரருக்கு நிபந்தனையோடு திறந்தது.

தொழில்நுட்பத் தளமும் இப்படித்தான். ஒரு நிறுவனம் அடித்தளத்தைப் போடுகிறது. அதன் மேல் மற்றவர்கள் தங்கள் பொருளையோ சேவையையோ கட்டுகிறார்கள். வன்பொருள், இயங்குதளம், செயலிகள், செயலிக் கடை, கோப்பு வடிவம் என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியாகத் திறந்திருக்கலாம், பூட்டியிருக்கலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

ஐபிஎம்: கதவைத் திறந்தவருக்கு வீடு கிடைக்கவில்லை

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை அறிமுகப்படுத்தியது. அதுவரை பெரும்பாலும் எல்லாவற்றையும் தானே தயாரித்துப் பழகிய நிறுவனம் அது. ஆனால் இந்த முறை அவசரம். ஆகவே கடையில் கிடைக்கும் பாகங்களை வாங்கிச் சேர்த்தது. செயலகச் சில்லு இன்டெலிடமிருந்து வந்தது, இயங்குதளம் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. அதோடு கணினியின் உள்ளமைப்பை விளக்கும் தொழில்நுட்பக் கையேட்டையும் வெளியிட்டது. மற்றவர்கள் துணைக்கருவிகளும் மென்பொருளும் செய்ய அது வசதியாக இருந்தது.

கணினியை உயிர்ப்பிக்கும் 'பயாஸ்' என்ற சிறு நிரலுக்கு மட்டும் ஐபிஎம் பதிப்புரிமை வைத்திருந்தது. அதுதான் தன் சாவி என்று நம்பியது. காம்பேக் நிறுவனம் அந்த நிரலை நகலெடுக்காமல், அது செய்யும் வேலையை மட்டும் ஆராய்ந்து, புதிதாக வேறொன்றை எழுதிக்கொண்டது. 1983-இல் காம்பேக்கின் கணினி விற்பனைக்கு வந்தது. அதன்பின் மற்ற நிறுவனங்களும் வரிசையில் நின்றன. அவர்களுக்கு இயங்குதளத்தை விற்பதற்கு மைக்ரோசாஃப்டுக்குத் தடை ஏதும் இல்லை, ஏனென்றால் அந்த உரிமையை அது ஐபிஎம்-மிடம் விட்டுக்கொடுக்கவே இல்லை.

முடிவு என்ன? ஐபிஎம் வகுத்த வடிவமைப்பு உலகம் முழுக்கப் பரவியது. ஐபிஎம்-மின் பிடியோ தளர்ந்தது. 1987-இல் புது வகைக் கணினிகளைக் கொண்டுவந்து, உள்ளிணைப்பு முறைக்கு உரிமக் கட்டணம் கேட்டு, கதவை மறுபடி மூடப் பார்த்தது. காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து தங்களுக்கென்று வேறொரு தர நிர்ணயத்தை அறிவித்துவிட்டன. 2005-இல் ஐபிஎம் தன் தனிநபர் கணினிப் பிரிவையே லெனோவோவுக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

இந்தச் சான்றைத்தான் நம் மாணவர்கள் "திறந்த தளம் வென்றது" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது இரண்டு உண்மைகளை மறைத்துவிடுகிறது. தளம் வென்றது, அதை உருவாக்கிய நிறுவனம் வெல்லவில்லை. அடுத்தது, அந்தத் தளத்தில் மிகப் பெரிய லாபம் பார்த்த மைக்ரோசாஃப்ட், தன் இயங்குதளத்தின் மூல நிரலைப் பூட்டியே வைத்திருந்தது. வன்பொருள் அடுக்கு திறந்திருந்தது, இயங்குதள அடுக்கு மூடியிருந்தது. மூடிய அடுக்கின் சாவி யாரிடம் இருந்ததோ அவரிடமே பணம் போய்ச் சேர்ந்தது.

ஆப்பிள்: ஒரே கொள்கை, இரண்டு விளைவுகள்

எதிர்த்தரப்பு வாதத்தையும் அதே அளவுகோலால் அளப்போம். 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினியின் மூடியைக் கழற்றினால் உள்ளே எட்டு விரிவாக்கத் துளைகள் இருக்கும். யார் வேண்டுமானாலும் அட்டை செய்து செருகலாம். 1984-இல் வந்த மெக்கின்டாஷில் அப்படி ஒரு துளைகூட இல்லை. பெட்டியைத் திறக்கவே தனிக் கருவி வேண்டும். ஆப்பிள் என்றாலே ஆரம்பத்திலிருந்து மூடியது என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூடிய மெக்கின்டாஷ் அழகாக இருந்தது, பயன்படுத்தச் சுலபமாக இருந்தது. இருந்தும் ஐபிஎம் வழியில் வந்த மலிவான கணினிகளின் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1995 வாக்கில் ஆப்பிள் தன் இயங்குதளத்தை மற்ற தயாரிப்பாளர்களுக்கும் உரிமம் கொடுத்துப் பார்த்தது. அவர்கள் புதிய வாடிக்கையாளர்களைக் கொண்டுவருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அவர்கள் ஆப்பிளின் சொந்த வாடிக்கையாளர்களையே இழுத்துக்கொண்டார்கள். 1997-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் அந்த ஏற்பாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் 150 மில்லியன் டாலர் முதலீடு செய்து கைகொடுக்க வேண்டிய நிலையில் ஆப்பிள் இருந்தது.

அதே நிறுவனம் 2007-இல் ஐஃபோனை வெளியிட்டது. கருவி, இயங்குதளம் இரண்டும் தன் பிடியில். முதல் ஆண்டில் வெளியார் அதற்கென்று செயலி எழுதி நிறுவ அதிகாரபூர்வமான வழி இல்லை. 2008 ஜூலையில் செயலிக் கடை திறந்தது. அப்போது இருந்தவை சுமார் 500 செயலிகள். யாரும் செயலி எழுதலாம், ஆனால் ஆப்பிளின் சோதனையைத் தாண்ட வேண்டும், கட்டணச் செயலியாக இருந்தால் அப்போது வருமானத்தில் 30 விழுக்காட்டைக் கொடுக்க வேண்டியிருந்தது. 2018 ஆகஸ்டில் ஆப்பிள் ஒரு டிரில்லியன் டாலர் சந்தை மதிப்பைத் தொட்ட முதல் அமெரிக்க நிறுவனம் ஆனது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கட்டுப்பாடுதான் வெற்றிக்குக் காரணம் என்றால், அதே கட்டுப்பாடு 1990-களில் ஏன் காப்பாற்றவில்லை? ஐஃபோன் முழுக்க மூடியிருந்ததால் வென்றது என்று சொல்ல முடியாது. செயலி எழுதுபவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்து, அந்த வாசலில் தானே காவல் நின்றதால்தான் அதன் வளர்ச்சி இந்த அளவுக்குப் போனது. அந்தக் காவல் நியாயமா என்பது இன்று வேறொரு விவாதம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-லிருந்து ஐஃபோனில் வேறு செயலிக் கடைகளையும் அனுமதிக்கும்படி சட்டத்தின் மூலம் கட்டாயப்படுத்தியிருக்கிறது.

தேய்ந்துபோன சான்று ஒன்று, மறந்துபோன சான்று ஒன்று

பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் ஒளிநாடாப் போட்டியை மாணவர்கள் பலர் எழுதுகிறார்கள். சோனி தன் பீட்டாமேக்ஸை இறுக்கிப் பிடித்தது, ஜேவிசி தன் விஎச்எஸ்ஸைப் பலருக்கும் கொடுத்தது, ஆகவே விஎச்எஸ் வென்றது என்பது வழக்கமான கதை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சோனியும் தோஷிபா, சான்யோ போன்ற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்திருந்தது. இன்னொரு எளிய காரணமும் உண்டு. தொடக்கத்தில் பீட்டாமேக்ஸ் ஒளிநாடாவில் ஒரு மணி நேரம்தான் பதிவு செய்யலாம், விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம். வீட்டில் ஒரு முழுப் படத்தைப் பதிவு செய்ய நினைப்பவர் எதை வாங்குவார்? இந்தக் காரணத்தைச் சொல்லாமல் "மூடியதால் தோற்றது" என்று மட்டும் எழுதுவது சான்றை நம் வசதிக்கு வளைப்பது.

மறந்துபோன சான்று சிம்பியன். நோக்கியா கைப்பேசிகளில் ஓடிய இயங்குதளம் அது. 2010 பிப்ரவரியில் அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. திறந்தால் வெற்றி என்பது விதியாக இருந்தால் அதன்பின் சிம்பியன் தழைத்திருக்க வேண்டும், இல்லையா? சரியாக ஓராண்டு கழித்து, 2011 பிப்ரவரியில், நோக்கியாவே அதைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனுக்கு மாறுவதாக அறிவித்தது. தொடுதிரைக் காலத்துக்கு முந்திய அமைப்பு அது. அதில் செயலி எழுதுவதும் கடினம். கதவு அகலத் திறந்திருந்தும் உள்ளே வர ஆளில்லை.

ஆண்ட்ராய்டு: திறந்த வாசல், பூட்டிய அறை

இப்போது நம் மாணவர்களுக்குப் பிடித்த சான்றுக்கு வருவோம். ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கைப்பேசி செய்யலாம். சாம்சுங், சியாவ்மி, ஓப்போ என்று பலரும் வந்ததற்கும், உலகத் திறன்பேசிகளில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு ஆண்ட்ராய்டாக இருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் ஒரு கைப்பேசியை வாங்கியதும் நாம் தேடுவது என்ன? பிளே ஸ்டோர், யூடியூப், கூகல் மேப்ஸ், ஜிமெயில். இவை எதுவும் அந்தத் திறந்த நிரலின் பகுதி இல்லை. இவற்றைத் தருவதும் மறுப்பதும் கூகல் கையில் இருக்கிறது.

இது 2019-இல் வெட்டவெளிச்சமானது. அமெரிக்க அரசாங்கம் அந்த ஆண்டு மே மாதம் ஹுவாவெய் நிறுவனத்தின்மீது வர்த்தகக் கட்டுப்பாடு விதித்தது. திறந்த ஆண்ட்ராய்டு நிரலை ஹுவாவெய் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது. ஆனால் அதன் புதிய கைப்பேசிகளில் கூகல் சேவைகள் இல்லாமல் போயின. சீனாவுக்குள் கூகல் சேவைகள் ஏற்கெனவே புழக்கத்தில் இல்லாததால் உள்நாட்டில் உடனடியாகப் பாதிப்பு தெரியவில்லை. வெளிநாடுகளில்தான் அடி விழுந்தது. வாசல் திறந்தே இருந்தது, அறைதான் பூட்டிக்கொண்டது.

ஐரோப்பிய ஆணையமும் இதே அடுக்கைத்தான் குறிவைத்தது. பிளே ஸ்டோர் வேண்டுமானால் தன் தேடல் செயலியையும் உலாவியையும் சேர்த்தே நிறுவ வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைக் கைப்பேசித் தயாரிப்பாளர்கள்மீது கூகல் விதித்தது என்று சொல்லி, 2018-இல் 4.34 பில்லியன் யூரோ அபராதம் விதித்தது. 'திறந்த தளம்' என்று நாம் கட்டுரையில் புகழும் ஒன்றின்மீது, போட்டியை அடைக்கிறது என்ற குற்றச்சாட்டு. இந்த முரணை எடுத்துக்காட்டும் மாணவர் கட்டுரை தனித்துத் தெரியும்.

நம் தமிழ் சொல்லும் சான்று

வெளிநாட்டு நிறுவனங்களின் கதை போதும் என்று நினைத்தால், நம் கைக்கு எட்டும் சான்று ஒன்று இருக்கிறது. தமிழ்த் தட்டச்சு.

1990-களில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் தட்டிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் புரியாத குறிகள். இதைத் தீர்க்கப் பேசியவர்களில் நம் வட்டாரத்தினர் முன்னணியில் இருந்தார்கள். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி தமிழ் 99 விசைப்பலகையும் குறியீட்டுத் தரங்களும் வந்தன. 2000-இல் சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் அமைப்பு உருவானது. கடைசியில் நிலைத்தது யூனிகோடு. எந்த எழுத்துரு நிறுவனத்துக்கும் அது சொந்தமில்லை என்பது அதற்குப் பெரிய பலம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் ஒரு தனியார் மென்பொருள். அது யூனிகோடை ஏற்றபின், அதில் தட்டிய எழுத்தை உலகில் தமிழ் யூனிகோடை ஆதரிக்கும் எந்தக் கணினியிலும் படிக்க முடிந்தது. மென்பொருளுக்கு உரிமையாளர் உண்டு, எழுத்துக்கு இல்லை. எந்த அடுக்கு யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கைப்பேசியிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு 2009-லிருந்தே வெளியார் செய்த விசைப்பலகையை அனுமதித்தது. ஐஃபோன் 2014-இல்தான் அனுமதித்தது. அதுவரை வெளியார் செய்த தமிழ்ச் செயலி ஒன்றில் தட்ட விரும்பிய ஐஃபோன்காரர், அந்தச் செயலிக்குள் எழுதி, நகலெடுத்து, குறுஞ்செய்தியில் ஒட்ட வேண்டும். அதற்காக ஆண்ட்ராய்டு சொர்க்கம் என்றும் எழுதிவிடக் கூடாது. ஆரம்பகால ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. கூகல் சரிசெய்தாலும், கைப்பேசி தயாரித்த நிறுவனம் புதிய பதிப்பை அனுப்பினால்தான் நம் கைக்கு வரும். திறந்த தளத்தில் பொறுப்பு பல கைகளில் சிதறும். அது அதன் விலை.

தேர்வில் எப்படி எழுதுவது?

மாணவர்களே, ஒரு பத்தியை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

முதல் வடிவம்: "திறந்த தளங்களே வெற்றி பெறும். எடுத்துக்காட்டாக, ஆண்ட்ராய்டு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஆகவே நிறுவனங்கள் தங்கள் தொழில்நுட்பத்தை அனைவருக்கும் திறந்துவிட வேண்டும்."

இரண்டாம் வடிவம்: "ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்திருந்ததால் பல நிறுவனங்கள் அதை ஏற்றன, அது வேகமாகப் பரவியது. எனினும், செயலிக் கடை போன்ற முக்கியச் சேவைகள் கூகலின் கட்டுப்பாட்டிலேயே உள்ளன. 2019-இல் ஹுவாவெய் அவற்றை இழந்தபோது, திறந்த நிரல் மட்டும் அதன் வெளிநாட்டு விற்பனையைக் காப்பாற்றவில்லை. ஆகவே, பரவலுக்குத் திறந்த தன்மை உதவுகிறது. ஆனால் அதிகாரம் பூட்டிய அடுக்கை வைத்திருப்பவரிடமே தங்குகிறது."

இரண்டாவதில் அலங்காரம் எதுவும் கூடவில்லை. 'எனினும்' என்ற ஒரு சொல்லும், அதன்பின் ஒரு சான்றும் சேர்ந்திருக்கின்றன. வாதம் வளர்ந்துவிட்டது. எந்தச் சான்றை எடுத்தாலும், எந்த அடுக்கு திறந்திருக்கிறது என்றும், வெற்றி என்றால் யாருடைய வெற்றி என்றும் கேட்டுவிட்டு எழுதுங்கள். தளத்தின் வெற்றி, அதை உருவாக்கிய நிறுவனத்தின் வெற்றி, பயனீட்டாளரின் நன்மை ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ஐபிஎம் கதையில் முதலாவது கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை. நமக்கு மலிவான கணினி கிடைத்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

இது தேர்வோடு முடியும் விஷயம் இல்லை. இன்று நம் பயிற்சித்தாள், வினாடிவினா, மாணவர் படைப்பு எல்லாம் ஏதோ ஒரு தளத்தில்தான் இருக்கின்றன. ஒரு பள்ளியில் ஐபேட், இன்னொன்றில் குரோம்புக், வேறொன்றில் விண்டோஸ் மடிக்கணினி. எந்தக் கருவி என்பதை நாம் முடிவு செய்வதில்லை. மூடிய தளத்தைப் பயன்படுத்துவதில் தவறும் இல்லை. வகுப்பில் முப்பது பேர் ஒரே நேரத்தில் நுழையும்போது தடுமாறாமல் ஓடுவது பெரும்பாலும் கட்டுப்பாடுள்ள தளம்தான்.

ஆனால் ஒன்று நம் கையில் இருக்கிறது. புதுத் தளத்தில் ஓர் ஆண்டு உழைப்பைக் கொட்டுவதற்கு முன், "இதிலிருந்து என் பாடங்களை வெளியே எடுக்க முடியுமா? எடுத்தால் வேறு இடத்தில் திறக்குமா?" என்று கேட்டுப் பார்க்கலாம். இலவசத் தளம் கட்டணத் தளமாக மாறும் நாளிலும், மூடப்படும் நாளிலும் இந்தக் கேள்விக்கான பதில்தான் நமக்கு மிஞ்சும். பாடத்தின் மூலப் பிரதியை யூனிகோடில், சாதாரண ஆவணக் கோப்பாக, நம்மிடமே ஒரு பிரதி வைத்திருப்பது நல்லது. பளபளப்பான வினாடிவினாவை எந்தத் தளத்தில் வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ளலாம். அதற்குள் இருக்கும் கேள்விகளை நாம் யோசித்து எழுத எடுத்துக்கொண்ட நேரம் திரும்ப வராது.

அடுத்த முறை இந்தத் தலைப்பை வகுப்பில் கொடுக்கும்போது, "திறந்ததா, மூடியதா?" என்று கேட்டு வகுப்பை இரண்டு அணியாகப் பிரிக்க வேண்டாம். ஆளுக்கொரு செயலியைக் கொடுத்து, அதில் எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். அந்த மூன்று வரியிலிருந்தே நல்ல கட்டுரை ஒன்று பிறக்கும்.